கைபேசியை எங்கே அணைப்பது, எங்கே விட்டுச்செல்வது

ஒரு வேதிப்பொருள் ஆலையில் கருவிப் பராமரிப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் அண்மையில் என்னிடம் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டார். ஆலைக்குள் போகும்போது கைபேசியை அணைத்துப் பையில் வைத்துக்கொண்டால் போதாதா? பெட்ரோல் நிலையத்தில் கைபேசியால் தீப்பிடித்ததற்குச் சான்றே இல்லை என்கிறார்களே, அது உண்மையா? மருத்துவமனையில் மருத்துவர்களே கைபேசியில் பேசும்போது அங்கே தொங்கும் தடைப்பலகைக்கு என்ன பொருள்? பலருக்கும் இருக்கும் ஐயங்கள் இவை என்பதால் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

தடைப்பலகைகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதுதான் குழப்பத்தின் தொடக்கம். சிவப்பு வட்டம், அதற்குள் ஒரு கைபேசி, குறுக்கே ஒரு கோடு. ஆனால் அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் காரணம் இடத்துக்கு இடம் மாறுகிறது. கைபேசி வெளியிடும் வானலை ஓர் இடத்தில் சிக்கல். அதற்குள் இருக்கும் மின்கலம் பொறியோ வெப்பமோ உண்டாக்கக்கூடும் என்பது இன்னோர் இடத்தில். அதிலுள்ள காந்தம் வேறோர் இடத்தில். அதைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் கவனம் சிதறுவது எல்லா இடத்துக்கும் பொதுவான ஆபத்து. வானலைதான் காரணம் என்றால் தள்ளி நிற்பதும் அணைத்து வைப்பதும் பலன் தரும். மின்கலம் காரணம் என்றால் அணைத்து வைப்பதால் பெரிய பயன் இல்லை. கைபேசி அந்த இடத்துக்குள் வரவே கூடாது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

முதலில் வானலையைப் பார்ப்போம். பேசாமல் பையில் கிடக்கும் கைபேசி சும்மா இருப்பதாக நாம் நினைக்கிறோம். அது தன் இருப்பைக் கோபுரத்துக்குத் தெரிவிப்பதற்காக அவ்வப்போது தானாகவே அலையை அனுப்பிக்கொண்டிருக்கும். செய்தி வந்தாலும், செயலி ஒன்று பின்னணியில் தன்னைப் புதுப்பித்துக்கொண்டாலும் அனுப்பும். ஆகவே ஒலியை மட்டும் நிறுத்துவது வானலைக்கு எந்த வகையிலும் தடை ஆகாது. ஏரோபிளேன் மோடில் போட்டால் வலையமைப்புக்கான அலை நிற்கும். வைஃபையும் புளூடூத்தும் சில கைபேசிகளில் தொடர்ந்து இயங்கலாம் என்பதால் அவற்றைத் தனியாகப் பார்த்து நிறுத்த வேண்டும்.

அலையின் வலிமை எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டாம் தலைமுறை வலையமைப்பில் 900 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் கைபேசி உச்சத்தில் 2 வாட் வரை அனுப்பக்கூடியது. நான்காம் தலைமுறைக் கைபேசியின் வழக்கமான உச்சம் சுமார் 0.2 வாட்தான். கோபுரம் அருகில் இருந்தால் கைபேசி மெல்லப் பேசும். நிலவறை, மின்தூக்கி, தடித்த கான்கிரீட் சுவர் கொண்ட அறை போன்ற இடங்களில் கத்திப் பேசும். சிக்னல் கோடு ஒன்றுதான் தெரிகிறது என்றால் உங்கள் கையில் இருப்பது தன் முழு வலிமையோடு அலைபரப்பும் கருவி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அலை இன்னொரு கருவிக்குள் எப்படிப் புகுகிறது? 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 33 செ.மீ.; அதில் கால் பங்கு 8 செ.மீ. சற்று அதிகம். கருவியின் உள்ளே ஓடும் ஒரு சிறு கம்பியோ சென்சாரிலிருந்து வரும் கேபிளின் உறையில்லாத முனையோ அந்த நீளத்துக்கு அருகில் இருந்தாலே நல்ல ஆண்டெனாவாக வேலை செய்யும். அதில் உண்டாகும் சின்ன மின்னழுத்தத்தை ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டில் இருக்கும் குறைக்கடத்திச் சந்தி நேர்மின்னோட்டமாக மாற்றிவிடும். உண்மையான சென்சார் சிக்னலோடு இந்தப் பொய்யான மின்னழுத்தமும் சேர்ந்துகொள்ளும். இரண்டாம் தலைமுறைக் கைபேசி நொடிக்கு 217 முறை விட்டு விட்டு அலையை அனுப்புவதால், அழைப்பு வருவதற்குச் சற்று முன் அருகிலுள்ள ஸ்பீக்கரில் "டிட்-டிடிட், டிட்-டிடிட்" என்று கேட்கும் ஒலி பலருக்கும் பழக்கமானது. அந்த ஒலியை எழுப்பும் அதே நிகழ்வுதான் சத்தமே இல்லாமல் ஓர் அளவுமானியின் எண்ணையும் மாற்றுகிறது.

வேலைக்குச் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் ஓர் ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். கிராமின் நான்காவது தசமம் வரை காட்டும் தராசு, கண்ணாடிக் கதவு மூடியிருக்கிறது, தட்டில் எதுவும் இல்லை, திரையில் 0.0000. தராசின் பக்கத்தில் மேசைமேல் ஒருவர் கைபேசியை வைத்திருந்தார். திடீரென்று கடைசி இரண்டு இலக்கங்கள் ஏறி இறங்கத் தொடங்கின. ஓரிரு நொடி கழித்துத்தான் கைபேசி ஒலித்தது. அதை எடுத்து அறையின் மறுகோடிக்குக் கொண்டுபோனதும் திரை பூச்சியத்தில் நின்றது. அன்று தட்டில் மருந்துத்தூள் இருந்திருந்தால் தவறான எடை பதிவேட்டில் ஏறியிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. கருவி கெட்டுப்போவது எனக்கு அவ்வளவு அச்சம் தருவதில்லை. கெட்டுப்போகாமலே பொய் சொல்வதுதான் அச்சம் தருகிறது.

இதற்கு மருந்து தூரம்தான். தூரம் இரு மடங்கானால் மின்புலம் பாதியாகக் குறையும். 2 வாட் கைபேசி ஒரு மீட்டர் தொலைவில் மீட்டருக்குச் சுமார் 10 வோல்ட் மின்புலத்தை உண்டாக்கும், 30 செ.மீ.க்கு வந்தால் அது 30 வோல்ட்டைத் தாண்டிவிடும். பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் (ஐ.இ.சி.) மருத்துவ மின்கருவிகளுக்கு வகுத்த 60601-1-2 தரத்தின் முந்தைய பதிப்புகள் பொதுவான கருவிகள் மீட்டருக்கு 3 வோல்ட்டையும் உயிர்காக்கும் கருவிகள் 10 வோல்ட்டையும் தாங்கினால் போதும் என்று வைத்திருந்தன. அப்படியானால், பழைய பதிப்பின்படி செய்த ஒரு சாதாரணக் கருவிக்கும் முழு வலிமையில் பேசும் 2 வாட் கைபேசிக்கும் இடையில் மூன்று மீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டும் என்பது கணக்கு. 2014இல் வந்த நான்காம் பதிப்பு, 30 செ.மீ. தொலைவில் பயன்படும் கம்பியில்லாக் கருவிகளைக் கருத்தில் கொண்டு, சில அதிர்வெண்களில் மீட்டருக்கு 28 வோல்ட் வரை தாங்கும் சோதனையைச் சேர்த்தது. மருத்துவமனைகளில் விதி தளர்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இங்கிருந்தே மருத்துவமனைக் கேள்விக்கு வந்துவிடலாம். பிரிட்டனின் மருத்துவக் கருவி முகமை 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மீட்டர் தொலைவில் கைபேசிகளால் பாதிக்கப்பட்டவை கருவிகளில் 4 விழுக்காடு. அவசரப் பணியாளர்களின் கையடக்க ரேடியோக்களால் பாதிக்கப்பட்டவை 41 விழுக்காடு. ரேடியோ பல வாட் வலிமையில் அனுப்புவதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். ஆனாலும் பார்வையாளரின் கைபேசியைப் பிடுங்குவதில் காட்டும் கண்டிப்பைக் காவலர் இடுப்பில் தொங்கும் வாக்கி-டாக்கியிடம் பல இடங்களில் காட்டுவதில்லை. இது திருத்தப்பட வேண்டிய பழக்கம் என்றே கருதுகிறேன்.

மருத்துவர் கைபேசியில் பேசுகிறார் என்பதால் தடைப்பலகை பொய் ஆகிவிடாது. பல மருத்துவமனைகளில் கட்டடத்துக்குள்ளேயே சிறு ஆண்டெனாக்களை வைத்திருப்பார்கள். அதனால் கைபேசிகள் மெல்லிய வலிமையிலேயே பேசும். எந்தப் பிரிவில் எந்தக் கருவி எதைத் தாங்கும் என்பது அங்குள்ள உயிர்மருத்துவப் பொறியாளருக்குத் தெரிந்திருக்கும். காத்திருப்புக் கூடத்தில் கட்டுப்பாடில்லை, தீவிர சிகிச்சைப் பிரிவில் உண்டு என்று பிரித்து வைப்பது அந்த அறிவின் அடிப்படையில்தான். ஒரு பார்வையாளராக நீங்கள் செய்ய வேண்டியது எளிது: வென்டிலேட்டர், மருந்தை அளவாக உடலுக்குள் செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்ப், நோயாளியைக் கண்காணிக்கும் மானிட்டர் ஆகியவற்றிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளியே கைபேசியைப் பயன்படுத்துங்கள், கருவியின் மேல் கைபேசியை வைக்காதீர்கள், கருவியிலுள்ள யூ.எஸ்.பி. துளையில் சார்ஜ் போடாதீர்கள். வீட்டில் இத்தகைய கருவியோடு இருக்கும் நோயாளிகள் இப்போது பெருகிவிட்டார்கள். அங்கே எச்சரிக்க எந்தப் பலகையும் இருக்காது; ஆனால் கட்டிலின் பக்கத்தில் பம்ப் இருக்கும் அதே சின்ன மேசையில்தான் எல்லாருடைய கைபேசியும் கிடக்கும்.

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களுக்கு வானலையைவிட இன்று காந்தம்தான் பெரிய கேள்வி. பேஸ்மேக்கரும் அதிர்ச்சி கொடுத்து இதயத் துடிப்பைச் சீராக்கும் ஐ.சி.டி. கருவியும் வலிமையான காந்தம் அருகே வந்தால் தம் நடத்தையை மாற்றிக்கொள்ளும்படி வேண்டுமென்றே வடிவமைக்கப்பட்டவை. மருத்துவர்கள் சோதனைக்கும் அறுவை சிகிச்சைக்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். காந்தம் வந்தால் பேஸ்மேக்கர் பொதுவாக இதயத்தின் இயல்பான துடிப்பைக் கவனிக்காமல் நிலையான வேகத்தில் துடிப்பூட்டும். ஐ.சி.டி. அதிர்ச்சி கொடுப்பதையே நிறுத்தி வைக்கும். ஆபத்தான துடிப்பு அந்த நேரத்தில் வந்தால் காப்பாற்ற ஒன்றும் இருக்காது. 2020இல் வந்த ஐபோன் 12 முதற்கொண்டு சார்ஜருடன் ஒட்டிக்கொள்ளும் காந்த வளையம் கைபேசிகளில் பரவத் தொடங்கியபின் இந்த எச்சரிக்கை கூர்மையடைந்தது. கைபேசியை 15 செ.மீ.க்கு அப்பாலும், கம்பியில்லா முறையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் 30 செ.மீ.க்கு அப்பாலும் வைக்கச் சொல்கிறது ஆப்பிள் நிறுவனமே. நெஞ்சுப் பக்கச் சட்டைப்பையில் வைக்கக் கூடாது. கருவி இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் காதில் வைத்துப் பேச வேண்டும். நெஞ்சில் வைத்துக்கொண்டு படுக்கவே கூடாது. கைபேசியை எடுத்துவிட்டால் கருவி இயல்புக்குத் திரும்பிவிடும் என்பதால் பீதி வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. அறையில் நிலை தலைகீழ். வழக்கமான 1.5 டெஸ்லா இயந்திரத்தின் காந்தம் பூமியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு வலிமையானது. படம் எடுக்காத நேரத்திலும் அது இயங்கிக்கொண்டே இருக்கும். அதன் இழுப்பில் கைபேசி அங்கே எறிபொருளாக மாறும். அறை வாசலில் பூட்டி வைக்கும் பெட்டி எதற்கு என்று இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். இதோடு தொடர்புடைய ஒரு செய்தி: 2018இல் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் புதிய எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை நிறுவும்போது ஹீலியம் கசிந்து கட்டடத்தின் பல ஐபோன்கள் செயலிழந்தன. அவற்றின் கடிகாரத் துடிப்பை உண்டாக்கும் நுண்ணிய சில்லுக்குள் ஹீலியம் அணுக்கள் ஊடுருவியதே காரணம். நுட்பமான கருவி என்று நாம் எண்ணுகிற பட்டியலில் கைபேசியும் ஒன்று.

இனி தீயும் வெடிப்பும். உங்கள் முதல் இரண்டு கேள்விகளும் இங்கேதான் அடங்கியிருக்கின்றன. அதிக நேரம் செலவிட வேண்டிய இடமும் இதுவே.

பெட்ரோல் நிரப்பும்போது கைபேசியின் வானலையால் தீப்பிடித்தது என்று பரவிய கதைகளை ஆராய்ந்தவர்களுக்குக் கிடைத்த குற்றவாளி நிலைமின்சாரம். எரிபொருள் ஏறிக்கொண்டிருக்கும்போது ஒருவர் வண்டிக்குள் போய் இருக்கையில் உட்கார்ந்து எழுந்து வருகிறார். துணியும் இருக்கையும் உரசியதில் உடம்பில் 10,000 வோல்ட் வரை ஏறியிருக்கலாம். மனித உடலின் மின்தேக்குதிறன் சுமார் 150 பிகோஃபாரட் என்று வைத்துக் கணக்கிட்டால் அந்த மின்னேற்றத்தில் 7.5 மில்லிஜூல் ஆற்றல் இருக்கிறது. காற்றோடு சரியான விகிதத்தில் கலந்த பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளத் தேவையானது கால் மில்லிஜூல் அளவுதான். அவர் திரும்பி வந்து குழாய் முனையைத் தொடும் கணத்தில், ஆவி திரண்டிருக்கும் அதே இடத்தில் பொறி பாய்கிறது. அப்போது அவர் கையில் கைபேசி இருந்தால் பழி அதன்மேல் விழுந்துவிடும்.

அப்படியானால் பெட்ரோல் நிலையத்தில் பேசலாமா என்றால், கூடாது என்பதே என் பதில். வானலையால் பற்றுவது மிக அரிது என்பது உண்மை. வெடிக்கும் சூழலுக்கான ஐ.இ.சி. 60079-0 தரமே வானலை வலிமைக்கு வகுத்திருக்கும் வரம்பு, பெட்ரோல் ஆவி சேரும் இரண்டு-ஏ வாயுப் பிரிவுக்கு 6 வாட். சாதாரணக் கைபேசி அதற்கு மிகக் கீழே. ஆனால் கைபேசி என்பது வானலை மட்டும் அன்று. நிரம்பிய மின்கலத்தில் 15 வாட்-மணி, அதாவது 54,000 ஜூல் ஆற்றல் இருக்கிறது. கால் மில்லிஜூலோடு ஒப்பிட்டால் 20 கோடி மடங்குக்கும் மேல். கைநழுவிக் கான்கிரீட் தரையில் விழுந்து மின்கலம் நசுங்கி உள்ளே ஷார்ட் ஆனால் அந்த ஆற்றலில் மிகச் சிறு பங்கே போதும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தரையை ஒட்டித் தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். கைபேசி விழும் இடமும் தரைதானே. நிரப்பி முடிக்கும்வரை வண்டிக்குள் மீண்டும் ஏறாமல் இருப்பதும், ஏற நேர்ந்தால் குழாயைத் தொடுமுன் சற்றுத் தள்ளி வண்டியின் வெற்று உலோகத்தைத் தொட்டு மின்னேற்றத்தை இறக்கிக்கொள்வதும் கைபேசித் தடையைவிட முக்கியமானவை. தடைப்பலகை இருக்கும் இடத்தில் இதையும் எழுதி வைக்க வேண்டும்.

ஆலைக்குள் இதே தர்க்கம் இன்னும் கடுமையாகிறது. எரியும் வாயு எப்போதும் அல்லது நெடுநேரம் இருக்கும் இடம் ஜோன் 0. இயல்பான இயக்கத்திலேயே அவ்வப்போது வரக்கூடிய இடம் ஜோன் 1. வழக்கமாக வராது, வந்தாலும் சிறிது நேரமே இருக்கும் என்பது ஜோன் 2. மாவு, சர்க்கரை, நிலக்கரி, அலுமினியத் தூள் போன்ற எரியும் தூசிக்கு 20, 21, 22 என்று இதே போன்ற பிரிவு உண்டு. மாவு வெடிக்குமா என்று வியப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். ஹைட்ரஜன் இருக்கும் இடம் தனி அச்சத்துக்குரியது: காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை அது எரியும், பற்றவைக்க வேண்டிய ஆற்றல் 0.02 மில்லிஜூல் அளவே. பெட்ரோலுக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இந்த இடங்களுக்குள் சாதாரணக் கைபேசியை அணைத்துப் பையில் வைத்துக்கொண்டு போகலாம் என்று நினைப்பதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. அணைத்தால் வானலை நிற்கும். மின்கலம் அப்படியே இருக்கும். குனியும்போது பையிலிருந்து நழுவும், ஏணியிலிருந்து விழும். அதைவிட மோசம், உள்ளே நுழைந்தபின் நினைவு வந்து அங்கேயே நின்று பொத்தானை அழுத்தி அணைப்பது. அணைக்கும் செயலே அந்தக் கருவியை இயக்கும் செயல். திரை எரியும், அதிர்வு மோட்டார் சுழலும். எனவே வாசலுக்கு வெளியே, எல்லைக் கோட்டுக்கு முன்பே கைபேசியை ஒப்படைத்துவிட்டுப் போங்கள். ஸ்மார்ட் வாட்ச், காதில் மாட்டும் புளூடூத் கருவி, பவர் பேங்க், வண்டிச் சாவியில் இருக்கும் ரிமோட் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். கைபேசியை விட்டுவிட்டு மணிக்கட்டில் இன்னொரு லித்தியம் மின்கலத்தோடு உள்ளே போகிறவர்களை நாள்தோறும் பார்க்கிறேன்.

உள்ளே தொடர்பு கொண்டே ஆக வேண்டிய வேலைக்கு இன்ட்ரின்சிகலி சேஃப் என்று சான்று பெற்ற கைபேசிகள் உண்டு. எந்தக் கோளாறு ஏற்பட்டாலும் பற்றவைக்கும் அளவுக்கு ஆற்றல் வெளியே வராதபடி மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் கட்டுப்படுத்தி வடிவமைப்பது அதன் கொள்கை. 1913 அக்டோபரில் வேல்ஸின் செங்கனித் நிலக்கரிச் சுரங்கத்தில் 439 தொழிலாளர்கள் மாண்ட வெடிப்புக்குப் பிறகு, சுரங்கத்தில் சமிக்ஞை மணி அடிக்கப் பயன்பட்ட மின்கம்பிகளின் சிறு பொறிகூட வாயுவைப் பற்றவைக்கக் கூடும் என்ற ஐயத்திலிருந்து வளர்ந்த அறிவு இது. ஒரு மணியின் பொறி பற்றிய கவலை அவ்வளவு உயிர்களின் விலையில் வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம், வாசலில் கைபேசியைக் கேட்கும் காவலரிடம் எரிச்சல்படத் தோன்றுவதில்லை.

சான்று பெற்ற கைபேசி வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். அதன் முதுகில் இருக்கும் குறியைப் படியுங்கள்: எந்த ஜோனுக்கு, எந்த வாயுப் பிரிவுக்கு, எந்த வெப்ப வகுப்புக்கு என்று அதில் இருக்கும். டி4 என்றால் மேற்பரப்பு 135 டிகிரி செல்சியஸைத் தாண்டாது என்று பொருள். உங்கள் ஆலையிலுள்ள பொருள் அதைவிடக் குறைந்த வெப்பத்தில் பற்றும் என்றால் அந்தக் கைபேசி உங்களுக்கு உதவாது. ஜோன் 2க்கான கருவியை ஜோன் 1க்குள் கொண்டுபோகக் கூடாது. அபாயப் பகுதிக்குள் சார்ஜ் போடுவது, மூடியைத் திறப்பது, சிம் மாற்றுவது, அழகுக்காகக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் உறை போடுவது எதுவும் கூடாது. பிளாஸ்டிக் உறையில் நிலைமின்சாரம் சேரும். கண்ணாடி விரிசல் விட்டாலே சான்று செல்லாது என்று எடுத்துக்கொண்டு வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். அவசரத்துக்கு சாதாரணக் கைபேசியில் படம் எடுத்தே ஆக வேண்டும் என்றால், ஹாட் வொர்க் பெர்மிட், அதாவது தீப்பொறி எழக்கூடிய வேலைக்கான அனுமதிச் சீட்டு, வாங்கி, வாயு அளந்து, அளவீடு தொடர்ந்து நடக்கும்போதுதான் எடுக்க வேண்டும்.

பாறை வெடிவைக்கும் இடத்தில் மட்டும் வானலை மீண்டும் முதல் எதிரி ஆகிறது. வெடிமருந்தை வெடிக்கத் தூண்டும் மின்சார டெட்டனேட்டரின் இரு கம்பிகளும் ஆண்டெனாவாக மாறி, அலையிலிருந்து உண்டாகும் மின்னோட்டமே அதை வெடிக்கச் செய்யலாம் என்பதால் கைபேசியும் ரேடியோவும் வெடிப்பொறுப்பாளர் குறித்த எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும். அங்கு ஏரோபிளேன் மோட் என்ற சமாதானத்தை யாரும் ஏற்கக் கூடாது; மறந்து மாற்றிவிட ஒரு தொடுதல் போதும்.

கட்டுப்பாட்டு அறைகளைப் பற்றி ஒன்று. கருவிப் பெட்டியின் உலோகக் கதவு மூடியிருக்கும்வரை அது வானலைக்குக் கவசம். திறந்துவிட்டால் அந்தக் கவசம் போய்விடும். ஒருமுறை வாயு அலாரம் பெட்டியைத் திறந்துவைத்துப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த தோழர், உள்ளே தலையை நீட்டியபடியே வந்த அழைப்பை எடுத்தார். மூன்று சேனல்கள் ஒரே நேரத்தில் சிவப்பாயின. ஆலையின் ஒரு பகுதி தானாக நின்றது. வாயு எங்கும் கசியவில்லை. பெட்டியைத் திறக்குமுன் கைபேசியை மேசையில் வைத்துவிட்டு வருவது அன்றிலிருந்து எங்கள் பிரிவின் பழக்கம்.

விமானத்தைப் பற்றியும் கேட்பீர்கள். அமெரிக்காவில் 1991இல் வந்த தடை பெரும்பாலும் தரையிலுள்ள வலையமைப்பைக் காப்பாற்ற வந்தது. உயரத்திலிருந்து ஒரு கைபேசி ஒரே நேரத்தில் பல கோபுரங்களை எட்டிவிடும். 2013 முதல் ஏரோபிளேன் மோடில் பயணம் முழுதும் பயன்படுத்த அனுமதி பரவியது. இன்று விமானப் பணியாளர்களின் பெரிய கவலை மின்கலம். உதிரி மின்கலமும் பவர் பேங்கும் கைப்பையில் மட்டுமே வர வேண்டும், பொதுவான வரம்பு 100 வாட்-மணி. கைபேசி இருக்கை இடுக்கில் விழுந்தால் இருக்கையை அசைக்காமல் பணியாளரை அழையுங்கள். இருக்கையின் இயங்கும் பாகம் அதை நசுக்கித்தான் பல நேரம் புகை கிளம்புகிறது.

கடைசியாக, நீங்கள் கேட்காத, ஆனால் ஒருநாள் உங்களுக்கு நேரக்கூடிய நிலை. அபாயப் பகுதிக்குள் பாதி தூரம் போனபின் சட்டைப்பையில் கைபேசி இருப்பது தெரிகிறது. அதை வெளியே எடுக்காதீர்கள், அணைக்க முயலாதீர்கள், ஒலித்தாலும் ஒலிக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். பையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஓடாமல், வந்த வழியே எல்லைக் கோட்டுக்கு வெளியே வாருங்கள். வெளியே வந்ததும் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுங்கள். அதைச் சொன்னவரைத் தண்டிக்காத ஆலையில்தான் அடுத்தவரும் வாய் திறந்து சொல்வார்.